கேள்விக்கு ஒரு மானியம்

ஜூன் 16, திங்கள்

டெல்லியில் முதல் நாள் வேலை. பதவி உயர்வு வேண்டுமா, திருச்சியிலேயே இருக்க வேண்டுமா என்று கேட்டார்கள். பதவி உயர்வு என்று எழுதிக் கொடுத்தேன். ஐம்பத்து நான்கு வயதில் செக்‌ஷன் ஆபீசர். இதுவரை சாலை, பாலக் கணக்குகளைத் தணிக்கை செய்துகொண்டிருந்தவனை, மருத்துவ ஆராய்ச்சிக்கு மானியம் கொடுக்கும் பிரிவில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். எனக்கும் மருத்துவத்துக்கும் உள்ள சம்பந்தம் சர்க்கரை மாத்திரையோடு சரி.

ஆர்.கே. புரத்தில் குவார்ட்டர்ஸ். மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. வேதா வீடியோவில் கூப்பிட்டாள். மகள் சுருதியும் அம்மாவின் தோளுக்குப் பின்னால் வந்து கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

எங்கள் பிரிவின் விஞ்ஞானி டாக்டர் பிலோமினா பாளையங்கோட்டைக்காரர். தமிழ் கேட்டதும் பாதி டெல்லி குறைந்துவிட்டது. ஒவ்வொரு மானியத்துக்கும் தனித்தனியாக விதிமுறைப் புத்தகம் இருக்கிறது. இரண்டு நாளாகப் படித்துத் தலை சுற்றியதில் அவரிடமே போய் நின்றேன்.

"அதையெல்லாம் தூரப் போடுங்க சார், நான் சொல்லுதேன்" என்றார். "மொத்தம் மூணுதான். மனுஷனுக்குக் குடுக்கிறது, இடத்துக்குக் குடுக்கிறது, கேள்விக்குக் குடுக்கிறது."

மனுஷனுக்கு என்றால் பயிற்சி. கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம், முனைவர் பட்டத்துக்கு ஐந்து வருடம், பிள்ளை பெற்று வேலையை விட்ட பெண்கள் திரும்பி வருவதற்கு மூன்று வருடம் என்று உதவித்தொகைகள். இடத்துக்கு என்றால் கட்டடம், கருவி, ஆய்வகம். இந்த இரண்டும் எனக்குப் புரிந்தது.

"கேள்விக்கு எப்படி மேடம் பணம் கொடுக்க முடியும்?"

"அதுதான் சார் இங்க பெரிய செலவே. ஒருத்தர் வந்து, 'எனக்கு இது தெரியல, தெரிஞ்சுக்கிடணும்'னு எழுதுவாரு. கேள்வி நல்லா இருந்தா அரசாங்கம் குடுக்கும்."

"பதில் கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னு எழுதிக் குடுப்பாரு."

என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

கேலி இல்லை. முடிந்துபோன திட்டங்களின் இறுதி அறிக்கைகளை இன்று சரிபார்த்தேன். ஒன்று: காசநோய்க் கிருமி சிலருடைய நுரையீரலில் பல வருடம் தூங்கிவிட்டு எழுந்துகொள்கிறதாம். எழுப்புவது ஒரு குறிப்பிட்ட புரதமாக இருக்குமோ என்பது கேள்வி. மூன்று வருடம் பார்த்திருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், 'நாங்கள் சந்தேகித்த புரதம் காரணம் அல்ல' என்று இருந்தது. அவ்வளவுதான். கீழே நிபுணர் குழு, 'ஏற்கப்பட்டது, பயனுள்ள முடிவு' என்று கையெழுத்திட்டிருந்தது.

என் வாழ்நாளில் ஒரு பொறியாளர், 'பாலம் கட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை' என்று எழுதியிருந்தால் அவரை வேலையை விட்டுத் தூக்க நானே குறிப்பு எழுதியிருப்பேன். இங்கே 'இல்லை' என்பதற்கும் முத்திரை குத்துகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டின்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டில் பீடி சுற்றுகிறவர்களும் தீப்பெட்டி ஒட்டுகிறவர்களும் கட்டிய வரி, ஒரு கிருமி எதனால் எழுந்துகொள்வதில்லை என்று அறிந்துகொள்ளப் போயிருக்கிறது. முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு வேறு ஏதோ வந்தது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போனேன். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

புதிய விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. என் வேலை சான்றிதழ்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது மட்டும்தான். ஆனால் முதல் பக்கத்தைப் படிக்காமல் தாண்ட முடியவில்லை. மலைப்பகுதி மருத்துவர் ஒருவர் கேட்கிறார்: ஒரே வகைப் பாம்பு கடித்த இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் ஏன் சிறுநீரகம் கெட்டுப்போகிறது? இம்பாலில் ஒரு பெண் கேட்கிறார்: பிறந்த குழந்தையின் குடலுக்குள் முதலில் குடியேறும் நுண்ணுயிர் எது, அது எங்கிருந்து வருகிறது? இன்னொருவர், தோலில் பட்ட காயம் ஆறும்போது தழும்பு ஏன் வர வேண்டும் என்கிறார்.

எனக்கும் தழும்பு இருக்கிறது. அது ஏன் வர வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்த நாடு முழுவதும் எங்கெங்கோ அறைகளில் உட்கார்ந்து இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் இத்தனை காலம் வேறொரு நாட்டில் இருந்த மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

நடப்புத் திட்டங்களின் இடைக்கால ஆய்வுக்கான பைல்கள் வந்தன. நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரி. விலங்கியல் உதவிப் பேராசிரியர் டாக்டர் ராபியத்துல் பசரியா. மீன்குஞ்சுகளை வைத்து, செவிக்குள் இருக்கும் மயிர்ச்செல்களைப் பற்றிய ஆராய்ச்சி. ஒலியை உணர்வது அந்தச் செல்கள்தான், மனிதனுக்கு அவை ஒருமுறை அழிந்தால் திரும்ப முளைக்காது, மீனுக்கு முளைத்துவிடும் என்று முதல் பத்தியில் எழுதியிருந்தது. முன்னேற்றம் போதவில்லை, திட்டத்தை நிறுத்தலாமா என்று நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று குழுவின் குறிப்பு.

அந்த பைலை அடியில் வைத்தேன். வேறு அவசர பைல்கள் இருந்தன.

செப்டம்பர் 28, ஞாயிறு

வேதா சொன்னாள்: சுருதிக்கு விலங்கியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணாம். எம்.எஸ்சி. படிக்க வேண்டும் என்கிறாளாம். பார்க்கலாம் என்றேன். அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் சுலபமாக இருந்திருக்கும், யாரோடும் பேச வேண்டியிருக்காது. நான் அப்போதே சொன்னேன்.

"அதை நீங்களே அவகிட்ட சொல்லுங்களேன்" என்றாள் வேதா.

"நீ சொல்லிடு. உனக்குத்தான் அந்தக் கையெல்லாம் வரும்."

லைன் சட்டென்று நின்றுவிட்டது. நெட்வொர்க் சரியில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

பிலோமினா மேடம் என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"நாகப்பட்டினம் பைல் என்னாச்சு சார்? ஒரு மாசமா உங்ககிட்டயே தூங்குது."

"அதை வேற யாருக்காவது கொடுத்துடுங்க மேடம்."

"ஏன்? என்ன விஷயம்?"

"என் மகளுக்குக் காது கேக்காது."

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். "பொறந்ததுலேருந்தா?"

"குறைமாசம். ரத்தத்துல கிருமி ஏறிடுச்சு. பொழைக்காதுன்னாங்க. ஊசி போட்டுக் காப்பாத்தினாங்க."

அவர் விஞ்ஞானி. மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "காதைக் கெடுத்தது அந்த ஊசியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

இதை நான் எந்த அலுவலகத்திலும் சொன்னதில்லை. மறைத்ததாக அர்த்தமில்லை. யாரும் கேட்கவில்லை.

"நீங்க மார்க் போடப் போறதில்ல சார். டிக்கெட் எடுக்கணும், நடந்ததைக் குறிச்சுக்கிடணும், அவ்வளவுதான். ஆனாலும் விஷயத்தை எழுதி டைரக்டருக்குக் குடுத்திருங்க. அவர் சொல்லட்டும்."

எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே திரும்பி வந்தது: 'போகலாம். திட்டத்தின் தகுதி குறித்து எதுவும் பேசக்கூடாது.'

அக்டோபர் 30, வியாழன்

நாகப்பட்டினத்தில் புயல். பயண ஏற்பாட்டுக்காக ராபியத்துக்குப் போன் செய்தேன். பின்னால் மழை இரைகிறது.

"கரண்டு நேத்திலேந்து இல்ல சார். ஜெனரேட்டருல டீசலும் தீந்துடுச்சு. தண்ணியில காத்து இல்லாம தொட்டி தொட்டியாச் சாவுது சார். மிச்சத்தைக் குடத்துல அள்ளி வீட்டுக்குக் கொண்டாந்துட்டோம்."

"வீட்டுல மட்டும் கரண்டு இருக்காம்மா?"

"இல்ல சார். குவளையில மொண்டு மேலேந்து ஊத்திக்கிட்டே இருக்கோம், காத்துக் கலக்கட்டும்னு. நானு, உம்மா, எங்க வீட்டுக்காரரு, மாத்தி மாத்தி. ஊத்துறதை நிறுத்துனா மேல வந்து வாயைத் தொறக்குதுவோ."

பயணத் தேதியைப் பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆபீசில் ஏசியை நிறுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி. நாகப்பட்டினம்

விமானத்தில் திருச்சி, அங்கிருந்து கார். பிலோமினா மேடம், நிபுணர் பேராசிரியர் மகாபாத்ரா, நான். மகாபாத்ரா கட்டாக்கிலிருந்து வந்தவர். எழுபதை நெருங்குகிறார். வழியெல்லாம் வாழையும் வயலும் சாய்ந்து கிடந்தன. அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை, திட்ட அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தார்.

ராபியத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உருவம், பேச ஆரம்பித்தால் கை சும்மா இருப்பதில்லை. ஆய்வகம் பழைய வகுப்பறையைத் தடுத்துக் கட்டியது. ஒரு சுவர் நெடுகக் கண்ணாடித் தொட்டிகள், பாதி காலி. பிழைத்த மீன்கள் நீலக்கோடு போட்ட சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தன. வண்ணமீன் கடையில் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்போமே, அதே வரிக்குதிரை மீன்.

மகாபாத்ரா எடுத்த எடுப்பில், "பரிசோதனை மீன்களை வீட்டுக்கு எடுத்துப் போக யார் அனுமதி கொடுத்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"மீன்கள்தான் சார்" என்றார் ராபியத்.

யாரும் சிரிக்கவில்லை.

இருட்டறைக்குள் போனோம். குண்டூசி நீளம்கூட வராத குஞ்சு, கண்ணாடி மாதிரி உடம்பு. ஒளிரும் சாயத்தில் நனைத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தார். முதலில் பேராசிரியர் பார்த்தார், பிறகு மேடம். கடைசியில், "நீங்களும் பாருங்க சார்" என்று ராபியத் என்னைக் கூப்பிட்டார். பார்க்கக்கூடாது என்று டைரக்டர் எழுதவில்லை. குனிந்தேன்.

எப்படி எழுதுவது? கறுப்பு. அந்தக் கறுப்பில் மீனின் விலாவோடு தலையிலிருந்து வால் வரைக்கும் வரிசையாகப் பச்சை விளக்குகள். ராத்திரி விமானத்திலிருந்து கீழே பார்த்தால் கடலோரத்து ஊர்கள் தெரியுமே, அப்படி. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு விளக்கும் ஒரு கொத்து. ஒவ்வொரு கொத்திலும் நாலைந்து மணிகள். நடுவில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. இதயம் என்றார். ஒரு உயிரின் இதயத்தை அது உயிரோடு இருக்கும்போதே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்ததும் கண்ணை எடுத்துவிட்டு மறுபடி குனிந்தேன்.

"அந்தப் பச்சையெல்லாம்தான் மயிர்ச்செல். நம்ம காதுக்குள்ள இருக்கிறது அதுக்கு விலாவுல இருக்கு. தண்ணி அசையிறதை அதை வச்சுத்தான் தெரிஞ்சுக்கும்" என்றார்.

இன்னொரு குஞ்சைக் காட்டினார். அதில் இருட்டு மட்டும் இருந்தது. ஒரு விளக்குகூட இல்லை.

"இதுக்கு மருந்து குடுத்திருக்கு. ஒரு ஆன்டிபயாடிக். கைக்குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்துன்னா போடுவாங்களே சார், அந்த மருந்துக்கு ஒண்ணுவிட்ட தம்பி."

நோட்டை எடுத்து அதையும் குறித்துக்கொண்டேன். பேசக்கூடாது என்று உத்தரவு.

மூன்றாவது குஞ்சு. மருந்து கொடுத்து மூன்று நாள் ஆனது. விளக்குகள் மொத்தமும் திரும்ப எரிந்தன. அதே இடங்களில், அதே வரிசையில். எதுவுமே நடக்காத மாதிரி.

மகாபாத்ரா கைகளைக் கட்டிக்கொண்டார். "இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். புதிதாக நீங்கள் என்ன கேட்கிறீர்கள்?"

"திரும்ப வருவது தெரியும் சார். எப்படி நிற்கிறது என்று கேட்கிறேன். பழைய அளவு வந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஒன்று கூடுவதில்லை. போதும் என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? ஒரு மரபணுவைச் சந்தேகப்பட்டேன். அது இல்லை. புயலுக்கு முன்பே இரண்டு முறை செய்து பார்த்துவிட்டேன். நான் எழுதிக் கொடுத்தது தவறு."

"உங்கள் அறிக்கையில் இவ்வளவு தெளிவாக இது இல்லையே?"

"நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன் சார். வெட்கமாக இருந்தது."

பேராசிரியர் மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். நெடுநேரம் நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை குனிந்தார்.

கிளம்பும்போது வாசலில் ராபியத் என்னிடம் தனியாக, "நீங்க ஒன்னுமே கேக்கலையே சார்?" என்றார்.

தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறினேன். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

நவம்பர் 22, சனி

திரும்பும் விமானம் திருச்சியிலிருந்துதான். நேரம் இருந்தது, வீட்டுக்குப் போயிருக்கலாம். அரசாங்கப் பயணத்தில் சொந்த வேலை கூடாது.

டிசம்பர் 11, வியாழன்

குழுக் கூட்டம். நாகப்பட்டினம் திட்டம் வந்தபோது குறிப்பெடுக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். குளிர் எலும்பில் ஏறியது. வாசலில் வேர்க்கடலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், சாப்பிடத் தோன்றவில்லை. பாலக் கணக்கில் எந்த முடிவுக்காகவும் நான் இப்படி வாசலில் வந்து நின்றதில்லை.

பிலோமினா மேடம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். "தொடரலாம்னுட்டாங்க சார்."

"முழுசாவா?"

"பெரிய மைக்ராஸ்கோப் கேட்டிருந்தாங்க, அது கிடையாது. ஆனா மீதி ரெண்டு வருஷமும் உண்டு. ஜெனரேட்டருக்கும் குடுக்காங்க. நிறுத்திரலாம்னு ரெண்டு பேரு பிடிவாதமா நின்னாங்க. மகாபாத்ரா ஒத்தை ஆளா மல்லுக்கட்டினாரு."

"என்ன சொன்னார்?"

"'தான் நம்பினது தப்புன்னு அந்தப் பொண்ணே சோதிச்சுப் பாத்து நம்மகிட்டச் சொல்லியிருக்கா. அவளுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறோம்'னு கேட்டாரு. அதுக்கப்புறம்தான் மத்தவங்க கையெழுத்துப் போட்டாங்க."

கடலையை அவரிடம் நீட்டினேன். இரண்டு பேரும் நின்றபடியே தின்று முடித்தோம். அந்தக் கட்டடத்தை ஆறு மாதமாகப் பார்க்கிறேன், அழுக்கு மஞ்சள் கட்டடம். உள்ளே சிலர் உட்கார்ந்து, ஒரு மீன்குஞ்சுக்குப் 'போதும்' என்று சொல்வது யார் என்பதை இந்த நாடு தெரிந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார்கள். அதில் யாருக்கும் லாபமில்லை. நிமிர்ந்து மேல்மாடி வரைக்கும் பார்த்தேன்.

ஜனவரி 5, திங்கள்

பொங்கலுக்கு லீவு கிடைத்தது. ராபியத்துக்குப் போன் செய்து, அதிகாரியாக இல்லாமல் சாதாரணமாக ஒருமுறை வந்து பார்க்கலாமா, குடும்பத்தையும் கூட்டி வரலாமா என்று கேட்டேன். "மீனுக்கு லீவு ஏது சார், காணும் பொங்கலன்னைக்கு வாங்க" என்றார். மேடத்திடமும் சொல்லிவிட்டேன். தீர்மானம் முடிந்துவிட்டது, தாராளமாகப் போங்கள் என்றார்.

வேதாவிடம் சொன்னபோது, "சுருதிகிட்ட என்னன்னு சொல்லட்டும்?" என்று கேட்டாள். காது சம்பந்தமான ஆராய்ச்சி என்று சொல்லச் சொன்னேன்.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல்

காலையிலேயே கிளம்பி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். சுருதி பஸ்ஸில் ஜன்னலோரம். நான் வேதாவுக்கு அந்தப் பக்கம்.

கல்லூரியில் ஈ காக்கை இல்லை. ராபியத் மட்டும் மீன்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். மகளுக்குக் காது கேட்காததையும் அந்த ஊசியையும் பற்றி வேதா சொன்னதும் சுருதியை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று நான் ஏன் வாயே திறக்கவில்லை என்று அவருக்கு அப்போது புரிந்திருக்க வேண்டும்.

சுருதி தொட்டிகளைப் பார்க்கப் போனதும் என் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"மனுஷங்களுக்கு எப்பம்மா வரும் இது?"

ராபியத் தீனி டப்பாவைக் கீழே வைத்தார். "உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் சார். என் காலத்துல வருமான்னு தெரியாது. இப்போதைக்கு நான் மீனைக் கேட்டுக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான்."

சரி என்றேன். தீனி டப்பாவை எடுத்து மூடி போட்டு அவரிடம் நீட்டினேன். வேதா, டீ வாங்கிவருகிறேன் என்று வெளியே போனாள். அவள் கண் துடைத்தது தெரிந்தது.

அதற்குள் ராபியத் சுருதியை இருட்டறைக்குக் கூட்டிப்போய்விட்டார். பின்னாலேயே போனேன். மொழிபெயர்த்துச் சொல்ல வேதா இல்லை, நான் ஏதாவது உதவி செய்ய வேண்டும் என்று நினைத்தேன். சுருதி ஏற்கெனவே குனிந்திருந்தாள். அசையவில்லை. அவள் தோள் ஏறி இறங்கியது மட்டும் தெரிந்தது. மகாபாத்ரா பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள்.

நிமிர்ந்து ராபியத்தைப் பார்த்து, விரல்களை விலாவோரம் ஓட்டிக் காட்டி, புருவத்தை உயர்த்தினாள். ராபியத் தலையாட்டிவிட்டு, அலை மாதிரிக் கையை அசைத்து, அது தன் விலாவில் வந்து மோதுவதாகக் காட்டினார். சுருதிக்கு முகமெல்லாம் சிரிப்பு. தன்னைச் சுட்டினாள், தரையைச் சுட்டினாள், உள்ளங்காலைத் தட்டினாள், ஏதோ பெரிய வண்டி வருவது போலக் கைகளை உருட்டினாள்.

"ஆமா, ஆமா! உனக்குக் கால்ல, அதுக்கு விலாவுல" என்றார் ராபியத். போனை எடுத்து எழுதிக் காட்டினார். சுருதி வாங்கித் திரும்ப எழுதினாள். இரண்டு பேரும் ஒரே போனின் மேல் தலையை முட்டிக்கொண்டு எதையோ படித்துச் சிரித்தார்கள். நான் கதவோரம் நின்றேன். அந்த அறையில் என்ன நடக்கிறது என்று புரியாமல் நின்றவன் நான் ஒருவன்தான்.

"சார், உங்க பொண்ணு என்ன கேக்குறா தெரியுமா?" என்றார் ராபியத். "இந்த மீனை மருந்து குடுத்துச் செவிடாக்குறீங்களே, அந்த மூணு நாளும் அது எப்படிச் சமாளிக்குதுன்னு யாராவது பாத்தீங்களாங்குறா. நாங்க அதைப் பாக்கவே இல்ல சார். எப்ப திரும்ப முளைக்கும்னு மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்."

நானும் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடைப் பயிற்சிக்கு மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு, சுருதி விண்ணப்பிக்கட்டும் என்றார் ராபியத். அந்தப் பட்டியல் என் பிரிவுக்கு வந்தால் நான் தொட மாட்டேன் என்று உடனே சொன்னேன். "நீங்க தொட வேணாம் சார், அவளே வாங்கிக்குவா" என்றார்.

வேதா டீயோடு வந்தாள். சுருதி அவளிடம் ஓடி, இரண்டு கையாலும் மழை மாதிரிப் பேச ஆரம்பித்தாள். அவ்வளவு வேகமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை. பார்க்க நின்றதில்லை. நடுநடுவே இரண்டு விரலால் சட்டைப்பையைத் தட்டி, பேனா எடுப்பது போல ஒரு சைகை செய்தாள். ஒருமுறை, மறுபடி ஒருமுறை.

"பேனா எதுக்குக் கேக்குறா?" என்று என் பேனாவை எடுத்து நீட்டினேன்.

வேதா டீயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "பேனா கேக்கலைங்க. அது உங்க பேரு."

"என் பேரா?"

"நாலு வயசுலேந்து உங்களை அப்படித்தான் சொல்லுவா. 'அப்பா கூட்டிட்டு வந்தாரு, அப்பா கூட்டிட்டு வந்தாரு'ன்னு சொல்லிக்கிட்டு இருக்கா."

டீயை வாங்கி ஜன்னலில் வைத்தேன். சுருதியின் எதிரில் போய் நின்று, இரண்டு விரலால் என் சட்டைப்பையைத் தட்டினேன். அவள் இல்லை என்று தலையசைத்து, என் கட்டைவிரலைப் பிடித்து உள்ளே மடக்கிவிட்டாள். மறுபடி செய்தேன். இந்த முறை சரியாக வந்தது. பிறகு அவளைச் சுட்டிக்காட்டி, கையால் சொன்னால் உன் பேர் என்ன என்று கேட்டேன்.